மூன்றாவது பெயர்

ஒரு பெண் நான்கு வருடமாக நாற்பத்து மூன்று வயதிலேயே நின்றுகொண்டிருப்பதை லிகாயா கவனித்தது ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை.

மணிலாவில், பாசிக் பகுதியில், ஒரு கட்டடத்தின் பதினோராவது மாடியில் இருந்தது அவளுடைய அலுவலகம். பத்து நாடுகள் சேர்ந்து நடத்தும் கடல் பாதுகாப்பு அமைப்பு அது. மீன்பிடிக்கப் போகிறவர்கள் உயிரோடு திரும்பி வருவதற்காகப் பயிற்சி கொடுப்பதும் கையேடு போடுவதும் அதன் வேலை. நிரந்தர ஊழியர்கள் நாற்பது பேர்தான். மற்றதெல்லாம் வெளியிலிருந்து வரும் தனி ஒப்பந்தக்காரர்களை வைத்து நடந்தது. அவர்களை எடுப்பதற்கென்றே அறுபத்தொரு பக்கத்தில் ஒரு விதிப் புத்தகம் இருந்தது. தகுதியுள்ள மூன்று பேரையாவது ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஒருவரை எடுக்க வேண்டும். கையெழுத்தாகும் முன் ஒரு வரி வேலைகூடத் தொடங்கக் கூடாது. ஊழியர்களின் உறவினர் யாரும் கூடாது. பன்னிரண்டு மாதத்தில் பதினொரு மாதத்துக்கு மேல் ஒருவரை வைத்துக்கொள்ளக் கூடாது. இப்படிப் போகும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கோப்புகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் லிகாயாவின் உத்தியோகம். புத்தகம் அவளுக்கு ஜெபமாலை போல மனப்பாடம்.

அன்றைக்கு வந்த கோப்பு ஒன்பதாவது கையேட்டுக்கானது. பயிற்சிப் பிரிவின் தலைவன் இசகானி அனுப்பியிருந்தான். ஒப்பீட்டுத் தாளில் மூன்று பெயர்கள். முதலில் ரொடெல், வழக்கமாக எழுதுகிறவன். தொண்ணூற்று நான்கு மதிப்பெண். இரண்டாவது யாரோ ஒரு பேராசிரியர், எழுபத்தெட்டு. மூன்றாவது ஹெர்மினியா தொலெந்தினோ, ஊர் நவோத்தாஸ், எழுபத்தொன்று. லிகாயா பேனாவைத் திறந்துவிட்டாள். மூன்றாவது பெண்ணின் தன்விவரத் தாளில் இடது மூலையில் நகல் இயந்திரம் விட்ட கறுப்புக் கோடு ஒன்று சாய்வாக இருந்தது. அந்தக் கோட்டை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று பட்டது. கீழே வயது 43 என்றிருந்தது. பிறந்த வருடத்தைப் பார்த்தாள். விரல்விட்டு எண்ணினாள். நாற்பத்தேழு வந்தது.

பேனாவை மூடிவிட்டுக் கோப்பு அறைக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டை மறந்து, பழைய பெட்டிகளை இறக்கித் தேடினாள். இசகானியின் பிரிவில் நான்கு வருடத்தில் எழுத்து வேலைக்காக ஏழு ஒப்பந்தங்கள். ஏழிலும் மூன்றாவது பெயர் ஹெர்மினியா தொலெந்தினோ. எழுபது, எழுபத்தொன்று, அறுபத்தொன்பது, மறுபடியும் எழுபது. ஏழிலும் அதே கறுப்புக் கோடு, அதே நாற்பத்து மூன்று வயது. ஒவ்வொரு தாளின் அடியிலும், "விதிப்படி உள்ளது" என்ற வரிக்குப் பக்கத்தில், லிகாயாவின் கையெழுத்து. அதன் கடைசிச் சுழியைக்கூட அவசரமில்லாமல் அழகாகத்தான் போட்டிருந்தாள்.

மூன்று மணிக்கு எல்லோரும் சிற்றுண்டிக்கு எழுந்தபோது இசகானி இரண்டு தட்டுகளோடு அவள் மேஜைக்கு வந்தான். அவளைவிடப் பத்து வயது சின்னவன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளை ஆத்தே, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவான். வாழைப்பழத்தைச் சுருட்டிப் பொரித்த துரோன் எங்கே நன்றாக இருக்கும் என்று தெரிந்தவன்.

"ஆத்தே, சூடா இருக்கு, எடுங்க. என் கோப்பு முடிஞ்சுதா?"

"கானி, இந்த ஹெர்மினியா யாரு?"

அவன் ஒரு கடி கடித்துவிட்டு யோசித்தான். "நம்ம மூணாவதா? நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவ விண்ணப்பம் போட்டாங்க. ஸ்கூல் டீச்சரா இருந்தவங்கன்னு நெனைக்கிறேன். ஏன்?"

"ஏழு தடவ வந்திருக்காங்க. நான் ஒரு தடவகூடப் பார்க்கல."

"நீங்க பார்க்கணும்னு நானும் நெனைக்கல." சிரித்தான். அதில் கள்ளம் எதுவும் இல்லை. வீட்டு விஷயம் பேசுவது போலத்தான் சிரித்தான். "ஆத்தே, விதி என்ன சொல்லுது? மூணு பேரு வேணும்னு சொல்லுது. ரொடெல்தான் எழுதப் போறான்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், லிஃப்ட்காரருக்கும் தெரியும். மத்த ரெண்டு பேருக்கு நான் எங்க போவேன்? ரொம்ப நல்லா இருந்தா ரொடெலைத் தாண்டிடுவாங்க. ரொம்ப மோசமா இருந்தா நீங்க திருப்பி அனுப்பிடுவீங்க. இந்தம்மா சரியா நடுவுல இருக்காங்க. தங்கமானவங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியாததால மனசு நோகவும் இல்ல. யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க? சீக்கிரம் போட்டுக் குடுங்க ஆத்தே, ரொடெல் ரெண்டாவது அத்தியாயத்துக்கு வந்துட்டான்."

"கையெழுத்தாகாமலா?"

இசகானி தட்டைக் கீழே வைத்தான். "நான் அதைச் சொல்லல. நீங்க அதைக் கேக்கல."

லிகாயா கோப்பை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். துரோனை அவள் தொடவில்லை. அது ஆறிப் போய்ப் பாகு இறுகிவிட்டது.

மறுநாள் காலையில் தாளிலிருந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். அமைப்பின் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் மூச்சு ஒரு கணம் நின்றது தெரிந்தது.

"இந்தத் தடவ கிடைச்சிடுச்சா மேடம்?"

"இல்லீங்க. நேர்ல வந்து பேசணும். வரலாமா?"

நவோத்தாஸுக்கு ஜீப்னி என்ற பொது வண்டியில் இரண்டு மணி நேரம் ஆனது. முந்தின நாள் மழையும் கடலேற்றமும் சேர்ந்து தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. முச்சக்கர வண்டிக்காரன் மீன் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்து முனையில் இறக்கிவிட்டான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் நடந்தாள். ஹெர்மினியா வாசலில் ரப்பர் காலணியோடு நின்றிருந்தாள். நாற்பத்தேழு வயதுதான், நரை அங்கங்கே. கால் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். உள்ளே அரிசிக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. சுவரோரமாகச் சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகள். காலையில் துறைமுகக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அறிவிப்பு எழுதிக் கொடுப்பாளாம். சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம். அவள் எழுதிக் கொடுப்பதைத்தான் சங்கத்தின் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள்.

லிகாயா வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். எதிரே உட்கார்ந்ததும் அடுக்கு கலைந்துபோயிற்று. உள்ளதைச் சொன்னாள். ஏழு தடவை, மூன்றாவது பெயர், யாரை எடுப்பது என்று முன்னாலேயே முடிவாகியிருந்தது, எண்ணிக்கைக்காக ஒரு தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

ஹெர்மினியா எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். கஞ்சியைக் கொஞ்சம் கிளறினாள். வந்து உட்கார்ந்தாள்.

"ஒவ்வொரு தடவையும் ஈமெயில் வரும் மேடம். 'ஆகஸ்ட்லேருந்து மூணு மாசம் வர முடியுமா'ன்னு. நான் முடியும்னு எழுதுவேன்."

லிகாயா நிமிர்ந்தாள். இது அவளுக்குப் புதிது. பிறகு விளங்கியது. ஒப்பீட்டுத் தாளில் ஒரு கட்டம் உண்டு: விண்ணப்பதாரர் வேலை செய்யத் தயாரா, உறுதிசெய்யப்பட்டதா? அந்தக் கட்டத்தை நிரப்ப இசகானியின் பிரிவிலிருந்து யாரோ தவறாமல் கேட்டிருக்கிறார்கள். விதிப்படி.

"முடியும்னு சொன்னா அந்த மூணு மாசத்தை வேற யாருக்கும் குடுக்க முடியாது இல்லீங்களா? ஒரு தடவ மலபோன்ல ஒரு பள்ளிக்கூடத்துல கூப்பிட்டாங்க. வேண்டாம்னுட்டேன். மூணாவது தடவையும் கிடைக்காம போனப்ப, நம்ம எழுத்துலதான் ஏதோ குறைன்னு நெனைச்சேன். ராத்திரிப் படிப்புக்குப் போய்ப் பக்கம் அமைக்கிறது கத்துக்கிட்டேன். அஞ்சாவது தடவைக்கு அப்புறம் படமும் போடப் பழகினேன்." அவள் சிரிக்கவில்லை, ஆனால் முகத்தில் சிரிப்பின் அருகில் ஏதோ வந்து போயிற்று. "படம் நல்லாவே வருது இப்ப."

"ஈமெயில் விஷயம் எனக்குத் தெரியாதுங்க."

"ஏழு தடவையும் நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்களா?"

"ஆமா."

"என் தாளைப் படிச்சுப் பார்த்தீங்களா?"

"படிக்கல." லிகாயா தன் ஈரக் கால்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எண்ணினேன். மூணு இருந்துச்சு."

வெளியே யாரோ பனிக்கட்டிப் பெட்டியை இழுத்துக்கொண்டு தண்ணீரில் போனார்கள். ஹெர்மினியா இரண்டு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக் கொண்டுவந்து, மேலே இஞ்சியும் பொரித்த பூண்டும் தூவி, ஒன்றை லிகாயாவின் முன் வைத்தாள்.

"சாப்பிடுங்க. பாசிக்லேருந்து வந்திருக்கீங்க."

சாப்பிட்டு முடிக்கும் தறுவாயில்தான் லிகாயா கேட்டாள். "எட்டாவது தடவ நெஜமாவே ஒரு போட்டி வச்சா வருவீங்களா?"

"எனக்குக் குடுக்கறதுக்காக வைக்காதீங்க. அப்புறம் என் பக்கத்துல வேற யாராவது ரெண்டு பேரைப் பொம்மையா நிறுத்துவீங்க. மூணு பேரும் நெஜமா இருந்தா வரேன். தோத்தா தோத்துட்டுப் போறேன்."

அன்று வீடு திரும்பும்போது ஜீப்னியின் நெரிசலில் லிகாயா ஒரு கணக்குப் போட்டாள். எட்டாவது கோப்பை மட்டும் சரிசெய்துவிட்டு விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. அக்டோபரில் அவளுடைய பிரிவின் தலைவர் பதவி காலியாகிறது. அவளுக்குத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் அந்த எண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் இரண்டு பக்கம் எழுதி, ஏழு தாள்களின் நகலையும் சேர்த்து, நிர்வாக இயக்குநரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இயக்குநர் கியெம் வியட்நாம்காரர். மெதுவாகப் படிப்பார், அதைவிட மெதுவாகப் பேசுவார். இரண்டு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தார்.

"இதுல முதல் வரியே உங்களப் பத்தி இருக்கு."

"ஆமா சார். கையெழுத்து என்னோடது."

"இசகானியைப் பத்தி மட்டும் எழுதியிருந்தாலும் நான் நடவடிக்கை எடுத்திருப்பேன்."

"தெரியும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க பணிக்கோப்புல ஒரு கடிதம் வைக்க வேண்டியிருக்கும். அக்டோபரைப் பாதிக்கும்."

"வைங்க சார்."

இசகானிக்கும் ஒரு கடிதம் வந்தது. ரொடெல் எழுதிய இரண்டு அத்தியாயங்களும் ஒப்பந்தத்துக்கு முன்னால் எழுதியவை என்பதால் எடுத்துக்கொள்ள முடியாது என்றும், தேர்வைப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றும் உத்தரவு. அன்றிலிருந்து மூன்று மணிக்கு லிகாயாவின் மேஜைக்குத் தட்டு வரவில்லை. லிஃப்டில் பார்த்தால், "மேடம்" என்றான். இருபது வருடத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்டபோது, திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

புதிய தேர்வு ஆகஸ்டு நடுவில் நடந்தது. பொது விளம்பரம் கொடுத்ததில் பதினேழு பேர் விண்ணப்பித்தார்கள். லிகாயா பதினேழையும் முழுக்கப் படித்தாள். வடிகட்டிய பிறகு மூன்று பேர் நின்றார்கள்: ரொடெல், ஹெர்மினியா, இலொய்லோவிலிருந்து ஜெரிக்கோ என்ற இருபத்தொன்பது வயது இளைஞன். மூவருக்கும் ஒரே வேலை. படகிலிருந்து ஒருவர் கடலில் விழுந்துவிட்டால் முதல் ஒரு நிமிடத்தில் என்ன செய்வது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். பெயரின் மேல் தாள் ஒட்டி, எண் மட்டும் போட்டு, மூன்று பக்கங்களையும் இயக்குநரிடமும் இசகானியிடமும், துறைமுகத்திலிருந்து வரவழைத்த இரண்டு படகோட்டிகளிடமும் கொடுத்தார்கள். ரொடெலின் எழுத்து இசகானிக்குப் பழக்கம் என்பதால் அவனுடைய மதிப்பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று லிகாயா சொன்னாள். "அதையும் எழுதி வச்சுக்குங்க மேடம்" என்றான் இசகானி. எழுதி வைத்தாள்.

படகோட்டிகளில் மூத்தவர் முதல் பக்கத்தை எடுத்து, உதடு அசைய வாசித்தார். 'கடலில் விழுதல் என்பது மூன்று வகைப்படும்' என்று அது தொடங்கியது. அவர் தாளைக் கீழே வைத்தார்.

"இவரு வகை பிரிச்சு முடிக்கறதுக்குள்ள ஆளு போயிட்டான்."

இரண்டாவது பக்கம் நன்றாக இருந்தது. கயிறு வீசுவதைப் பற்றி அழகாக எழுதியிருந்தார்கள். மூன்றாவது பக்கம் இப்படித் தொடங்கியது: 'விழுந்தவரிடமிருந்து கண்ணை எடுக்காதே. ஒருவர் கையை நீட்டி அவரைக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கிடையாது. மற்றதை மற்றவர்கள் பார்க்கட்டும்.'

இளைய படகோட்டி அதை இரண்டாம் முறை வாசித்தார். "இது எங்க ஊரு ஒலிபெருக்கி பேசற மாதிரி இருக்கு" என்றார். "இதை எழுதினவங்க அலை பார்த்தவங்க."

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் நான்கு மதிப்பெண். மூன்றாவது ஹெர்மினியாவுடையது. ஒட்டியிருந்த தாளை விலக்கிப் பெயரைப் பார்த்த இசகானி காதைச் சொறிந்துகொண்டான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அவள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். சாதாரணமாக ஒப்பந்தக்காரர்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எங்கே போடணும் என்று கேட்பார்கள். ஹெர்மினியா முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். ஒரு மணி நேரம் ஆனது. இசகானி கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தான்.

"சார், ஆறாவது பிரிவுல காலைல எட்டுலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் ஆபீஸ்ல இருக்கணும்னு போட்டிருக்கு."

"எல்லாருக்கும் அப்படித்தான் போடறது."

"உங்க விதிப் புத்தகத்தை வாங்கிப் படிச்சேன். தனி ஒப்பந்தக்காரர் ஊழியர் இல்ல, நேரத்துக்குக் கட்டுப்பட்டவர் இல்ல, வேலையை ஒப்படைக்கிற தேதிதான் முக்கியம்னு இருக்கு. பத்தொன்பதாம் பக்கம்." அவள் குரலில் சண்டை இல்லை. "நான் ஊழியர்னா எனக்கு விடுமுறை, மருத்துவம் எல்லாம் வேணும். இல்லைன்னா என் நேரம் என்னோடது. ரெண்டுல எதுவானாலும் சரி சார். ரெண்டும் கலந்து மட்டும் வேண்டாம்."

இசகானி லிகாயாவைப் பார்த்தான். பல வாரங்களுக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பார்த்தான். "அப்படியா இருக்கு, ஆத்தே?"

"அப்படித்தான் இருக்கு, கானி. நாமதான் யாரும் அந்தப் பக்கத்துக்குப் போனதில்ல."

அவன் ஆறாவது பிரிவை ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டான். பிறகு, "விடிஞ்சதும் அவங்க எங்க இருப்பாங்க, துறைமுகத்துலதானே. எட்டு மணிக்கு இங்க வந்து என்ன எழுதப் போறாங்க" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னான்.

கையேடு நவம்பர் கடைசியில் வந்தது. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னால். படங்களும் அவளே போட்டிருந்தாள். இசகானி இரண்டே இரண்டு திருத்தம் சொன்னான். ஒன்றை அவள் ஏற்றுக்கொண்டாள், ஒன்றை ஏன் ஏற்க முடியாது என்று அரைப் பக்கம் எழுதி அனுப்பினாள். பிரிவுத் தலைவர் பதவி அக்டோபரிலேயே வேறொருவருக்குப் போயிருந்தது. அவர் லிகாயாவைவிட ஒன்பது வயது இளையவர், நல்ல மனிதர்தான். முதல் வாரம் அவருக்கு விதிப் புத்தகத்தை லிகாயாதான் விளக்கிக் கொடுத்தாள். கொடுக்கும்போது வயிற்றில் லேசாக ஒரு எரிச்சல் இருந்தது. இரண்டு மூன்று மாதத்தில் அது அடங்கிவிட்டது.

அடுத்த வருடம் பத்தாவது கையேட்டின் முறை வந்தது. இஞ்சின் தீப்பிடித்தால் என்ன செய்வது என்பது பொருள். இசகானி நேராக லிகாயாவிடம் வந்து, "ஆத்தே, இந்தத் தடவ யோசனையே வேண்டாம். ஹெர்மினியாவுக்கே குடுத்துடலாம்" என்றான்.

"மூணு பேரு வேணும் கானி."

"உங்களுக்கே இது சலிக்கலையா?"

"சலிக்குது. விளம்பரம் குடு."

மறுபடியும் எண் போட்ட பக்கங்கள், மறுபடியும் படகோட்டிகள், இந்தத் தடவை வேறு இரண்டு பேர். முடிவில் ஜெரிக்கோ ஆறு மதிப்பெண் முன்னால் வந்தான். ஹெர்மினியா இரண்டாவது. இசகானி அன்றைக்குச் சாப்பாட்டை முடிக்காமல் தட்டைத் தள்ளிவைத்தான். தொலைபேசியில் சொல்வது முறையில்லை என்று லிகாயா நேரிலேயே வரச்சொன்னாள்.

ஹெர்மினியா வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். உதட்டை ஒரு தடவை கடித்துக்கொண்டாள். "ஜெயிச்ச பக்கத்தைப் பார்க்கலாமா? விதி விடுமா?"

"ஒப்பந்தம் முடிவானதுக்கு அப்புறம், எழுதினவர் சம்மதிச்சா காட்டலாம். நேத்தே கேட்டேன். சம்மதிச்சிட்டார்."

அவள் அதை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். நின்றபடியே படித்தாள். கீழே பாசிக் ஆற்றின் மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. இடையில் ஒரு வரியை விரலால் தொட்டு, மறுபடி மேலே போய்ப் படித்தாள். பிறகு தாளைக் கொண்டுவந்து லிகாயாவின் மேஜையில் வைத்தாள்.

"முதல்ல எரிபொருள் குழாயை மூடுன்னு எழுதியிருக்கான். நான் முதல்ல எல்லாரையும் முன்பக்கம் போகச் சொல்லியிருந்தேன். இவன் சொல்றதுதான் சரி."

"அடுத்த தடவ..."

"பார்க்கலாம் மேடம். சங்கத்துல ஒரு வருஷத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்." குடையை எடுத்துக்கொண்டாள். "இந்தப் பையன் படம் போடுவானா?"

"தெரியலீங்க."

"கேட்டுப் பாருங்க. போடத் தெரியலைன்னா என் நம்பரைக் குடுங்க."

மழை தொடங்குமுன் ஜீப்னியைப் பிடிக்க வேண்டும் என்று அவள் வேகமாக லிஃப்டுக்கு நடந்தாள். இசகானி தன் அறையிலிருந்து எழுந்து வந்து, லிஃப்டின் கதவு மூடாமல் இருக்க, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.